மழை விற்ற கடை

அத்தியாயம் 9

எங்கள் கடைக்கு முதல் போணி ஆனபோது நான் மசால் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சு" என்றார் எழில்மதி மேடம், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு மேடம், மாப்ள வூட்டுக்காரங்களா?"

"நம்ம கஸ்டமர்."

வடையைக் கீழே வைத்தேன். எதிர் நாற்காலியில் இருந்த மலர்விழி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேடம் கஸ்டமர் என்று சொன்னது மனிதரை அல்ல. மலர்விழியின் காணாமல்போன புருஷன் தமிழழகன் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு ப்ரோக்ராமை.

முந்தைய அத்தியாயங்களைப் பஸ்ஸில் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம். துப்பு என்றால் கொலை, கொள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சம்பளம் சொன்ன அளவுதானா, இவ்வளவுதான். மேடத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்சிக்காரரிடம் பொய் சொல்ல மாட்டார். "உங்க பையனைக் கட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு பாவங்க" என்று ஒரு மாப்பிள்ளையின் அப்பாவிடமே முகத்துக்கு நேரே சொன்னவர். அதற்கப்புறம் அந்தத் தெருவிலிருந்தே எங்களுக்கு வேலை வருவதில்லை. நான் வெற்றிவேல். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினேன், இப்போது மேடத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். எங்கள் இருவருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் கிடையாது. அதனால் ஆபீசைப் பூட்ட எங்களுக்கு எப்போதும் அவசரம் இல்லை.

மலர்விழிக்கு ஊர் எலவனாசூர்கோட்டை. புருஷன் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்தவர். "மலையில ஒரு ட்ரையல் இருக்குது, பத்து நாள்ல வந்துடறேன்" என்று கல்வராயன் மலைக்குப் போனார். போகும்போது வாய்ச்சண்டை. "உன் மெஷினு கூடவே குடும்பம் நடத்து, எங்கூட எதுக்கு" என்று இவள் கத்தியிருக்கிறாள். மாதக்கணக்காகியும் அவர் திரும்பவில்லை. ஃபோன் சுவிட்ச் ஆஃப். எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. அந்த மலையில் ஊர்கள் ஒன்றுக்கொன்று முகம் காட்டாமல் சிதறிக் கிடக்கும், எதில் போய்த் தேடுவது?

ஆனால் அவருடைய பர்ஸ் மட்டும் தினமும் செலவு செய்துகொண்டிருந்தது.

இதை மேடம் எனக்கு மூன்று டீ செலவில் விளக்கினார். தமிழழகன் ஒரு ஏஜென்ட் செய்திருக்கிறார், அதாவது தானாகவே வேலை பார்க்கும் ப்ரோக்ராம். வேலையைச் சொல்லி, கையில் காசு போட்ட ஒரு இன்டர்நெட் பர்ஸையும் கொடுத்துவிட்டால், அதுவே இன்டர்நெட்டில் கடை கடையாகப் போய் வேண்டியதை வாங்கிக்கொள்ளும். கடை "காசு வை" என்று சொல்லும், இது வைக்கும், சரக்கு வரும். பெயர் கேட்க மாட்டார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள். ஒரு தடவைக்குப் பைசாக் கணக்குதான். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உலகம் பூராவும் பொதுவாக ஒரு முறை இருக்கிறது, அது யாருக்கும் சொந்தமில்லை. பர்ஸோ கண்ணாடிப் பர்ஸ். தினமும் மழைத் தகவல் வாங்குகிறது, பேச்சு வாங்குகிறது, ஃபோன் அழைப்பு வாங்குகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்ன கேட்டு வாங்கியது என்பது மட்டும் விற்றவனுக்குத்தான் தெரியும்.

தமிழழகனின் அண்ணன் ராஜதுரை இதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "செலவு பண்றான்னா உசுரோட இருக்கான். மலையில எவளையோ சேத்துக்கினான். நீ உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு."

மலர்விழி முதல் நாள் எங்களிடம் வந்தபோது அழவில்லை. அவள் கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"உசுரோட இருந்தாருன்னா என்னை வுட்டுட்டாருன்னு அர்த்தம் மேடம். வுடலன்னா உசுரோட இல்லன்னு அர்த்தம். நான் சாமிகிட்ட எதை வேண்டிக்கறது?"

மேடம் ராத்திரி பூராவும் தூங்காமல் யோசித்துவிட்டு, காலையில் என்னிடம் கேட்டார். "வெற்றி, கண்ணுல படாத ஒருத்தன எப்படிப் புடிப்ப?"

"வலை போட்டுத்தான்."

"அவன் தெனம் கடைக்குப் போறவனா இருந்தா?"

"கடை வாசல்ல நிப்பேன்."

"எந்தக் கடைன்னு தெரியலன்னா?"

தலையைச் சொறிந்தேன். மேடம் சிரித்தார். "நாமளே கடை போடுவோம். இந்த முறையில யார் வேணும்னாலும் வாங்கலாம்னா, யார் வேணும்னாலும் விக்கலாம் இல்ல?"

அப்படித்தான் கள்ளக்குறிச்சியில் மழை விற்கும் ஒரே கடை திறக்கப்பட்டது. மேடம் ஒரு பெரிய கடையில் மழைத் தகவலை வாங்கி, அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். விலை எங்கே கம்மியோ அங்கே போகும்படி ஏஜென்ட்டுக்குப் பழக்கியிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. நஷ்டத்துக்கு வியாபாரம் செய்ய கடை எதற்கு, என் ஆட்டோவே இருக்கிறதே என்றேன். முறைத்தார். இதோ, மூன்றாம் நாள் காலை, கஸ்டமர் வந்தேவிட்டது; காசு வந்தது தமிழழகனின் அதே பர்ஸிலிருந்து.

"என்னா கேக்குது?" என்றேன்.

"இன்னிக்கு இந்த எடத்துல மழை வருமான்னு கேக்குது." மேப்பைத் திருப்பிக் காட்டினார். வெள்ளிமலைக்கும் மேலே, பச்சையில் ஒரு புள்ளி. கடுக்காய்ப்பாறை.

மலர்விழி எழுந்தே விட்டாள். "அங்கதான் இருக்காரா?"

"அங்கதான் மழை கேக்கறாங்க. இப்போதைக்கு அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"ஒரே கேள்விதானா மேடம்?" என்றேன் நான்.

"ரெண்டு." மேடம் மலர்விழியை ஒரு தடவை பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். "ரெண்டாவத மலை ஏறினப்புறம் சொல்றேன்."

அப்போது மலர்விழியின் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தாள், உடனே கட் செய்து மேசையில் போட்டாள். "நீள நம்பர்னாலே லோன்காரனுங்கதான், தெனம் காலையில உசுர வாங்கறானுங்க. நானே ஒரு ஃபோனுக்காகக் காத்துக்கினு கெடக்கறேன், இதுல இவனுங்க வேற."

நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நம்பர் நீளமாக, கடைசியில் நாலு எட்டு. "லோன் குடுக்கறவனுக்கு ஃபேன்சி நம்பர் கேக்குதா? எங்கிட்ட குடுத்திருக்கலாம் இல்ல, எனக்குப் புது ஆட்டோவுக்கு ஒரு லோன் வேணும்."

மலர்விழி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரப் பாத்தா எப்படி அடையாளம் தெரியும்?" என்று கேட்டார் கிளம்பும்போது.

"கண்ணாடி போட்டிருப்பாரு மேடம். குனிஞ்சி டைப் அடிச்சா மூக்குல வழிஞ்சிக்கினே இருக்கும். அதுக்காக என் தலை ரப்பர் பேண்டைப் பின்னாடி மாட்டி வுட்டிருக்கேன். கத்திரிப்பூ கலரு. ஆபீஸ் மீட்டிங்லயும் அப்படியேதான் உக்காருவாரு, வெக்கமே கெடையாது." சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் படியிறங்கிவிட்டாள்.

கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸில் மேடம் மேப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் ஊர் இன்னும் கொஞ்சம் கீழே போனது. வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்தோம். ரேஷன் அரிசி மூட்டை, ஒரு ஆடு, அதற்கப்புறம் நாங்கள். அந்த வரிசையில்தான் ஜீப்காரர் இடம் கொடுத்தார்.

"மேடம், ரெண்டாவது கேள்வி?"

"இன்னும் மலை முடியல."

"ஆடு கேட்டா சொல்லிடுவீங்க போல."

"ஆடு நொய் நொய்னு பேசாது வெற்றி."

கடுக்காய்ப்பாறையில் ஏழெட்டு வீடுகள். ஊருக்கு நடுவில் அகலமான கரும்பாறை, அதுதான் களம். அறுத்த சாமையும், சீவிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தன. பாறை ஓரத்தில் பெரிய கடுக்காய் மரம். அதன் உச்சிக்கிளையில் ஒரு மூங்கில் கூடை கட்டித் தொங்கியது.

எங்களை முதலில் கவனித்தது தைலம்மாள் என்ற அம்மா. ஐம்பது வயதிருக்கும். கையில் துடைப்பத்தோடு வந்து, "இன்னா வோணும்? ஓட்டுக்கு வந்தீங்களா?" என்றார்.

"தமிழழகன்னு ஒருத்தர்…" என்று ஆரம்பித்தார் மேடம்.

"யாரு, ரப்பர் கண்ணாடித் தம்பியா!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அந்த அம்மாவுக்கு. "தம்பிதான் அனுப்பிச்சிதா? உக்காருங்க, உக்காருங்க. எங்க வூட்டுலதான் தங்கியிருந்துச்சி. இன்னிக்குக் காலையிலகூடப் பேசுச்சே!"

நான் மேடத்தைப் பார்த்தேன். கேஸ் முடிந்தது, ராஜதுரை சொன்னதுதான் சரி என்று தோன்றியது. மலர்விழியிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

"எங்கேருந்து பேசினாரு?" மேடத்தின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"கூடையிலேருந்துதான்." தைலம்மாள் மரத்தைக் காட்டினார். இந்த ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த உச்சிக்கிளையில் மட்டும்தானாம். அதனால் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு ஃபோன், கூடையில். ஒரு சோலார் தகட்டோடு தமிழழகன் வாங்கிக் கட்டியது. அழைப்பு வந்தால் தானே எடுத்துக்கொள்ளும், சத்தமாகப் பேசும். கீழே பாறையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். இறக்கினால் கட்டாகிவிடும், அதனால் யாரும் இறக்குவதில்லை.

"அப்ப நீங்க பதிலுக்குப் பேசனதே இல்லியா?"

"எப்படிப் பேசறது? அம்மாந்தூரத்துல இருக்குது. தம்பி சொல்லும், நாங்க கேட்டுக்குவோம்."

மேடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கூடை அடித்தது. பாறையில் இருந்த நாலைந்து பேரும் கையிலிருந்ததை விட்டுவிட்டு அண்ணாந்தார்கள். ஒரு இளம் ஆண் குரல், கொஞ்சம் கூச்சத்தோடு, தெளிவாக வந்தது.

"தைலம்மாக்கா, ராமண்ணே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு சாயங்காலம் மழை இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள பாறையில காயறத வாரிடுங்க. நாராயணசாமி அண்ணே, உங்க களம் பள்ளத்துல இருக்குது, நீங்க மொதல்ல வாரிடுங்க. நான் வெக்கறேன்."

அவ்வளவுதான். ஆட்கள் உடனே சாமையைக் குவிக்க ஆரம்பித்தார்கள். வானத்தில் மேகமே இல்லை. ஒருவரும் சந்தேகப்படவில்லை, அத்தனை நம்பிக்கை.

மேடம் மெதுவாகக் கேட்டார். "யாரும்மா இதுல நாராயணசாமி?"

தைலம்மாள் சிரித்தார். "அவன் எங்க இங்க இருக்கான்! குடும்பத்தோட குடகுக்கு காபி எஸ்டேட்டு வேலைக்குப் பூட்டான். அதோ அவன் வூடு."

பள்ளத்தில் ஒரு வீடு. பூட்டிய கதவின் மேல் பரங்கிக்கொடி ஏறி, பூட்டை மூடி, பூவும் விட்டிருந்தது.

"இத தமிழழகன்கிட்ட சொல்லலியா?"

"எத்தினி தபா கத்திச் சொல்றது! மேல பாத்து, அவன் ஊர்லயே இல்ல தம்பின்னு எங்க வூட்டுக்காரரு தெனம் கத்துவாரு. தம்பிக்குக் காதுலயே வுழறதில்ல. வேலை ஜாஸ்தி பாவம், மறந்துடுது."

மேடம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெற்றி, மரம் ஏறு" என்றார்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு மேடம்."

"மரத்துக்கு நூறு இருக்கும். அது ஒண்ணும் சொல்லல."

வேட்டியை மடித்துக் கட்டி ஏறினேன். பாதி தூரத்தில் கட்டெறும்பு ஒன்று என்னைக் கட்சிக்காரர் என்று நினைத்துக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தது. ஒருவழியாகக் கூடையை எட்டி, கடைசியாக வந்த அழைப்பின் நம்பரைப் பார்த்தேன். நீளமான நம்பர்.

கடைசியில் நாலு எட்டு.

இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். கீழே மேடம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல. நான் இறங்கி வந்ததும் சொன்னார்.

"ரெண்டாவது கேள்வி என்னான்னு கேட்டியே. எலவனாசூர்கோட்டையில இன்னிக்கு மழை வருமான்னு கேட்டுச்சு."

பாறையில் உட்கார்ந்தேன். காலையில் நான் அடித்த ஆட்டோ லோன் ஜோக்கை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

"அந்தக் குரல் அவரோடதுதான். பேசறது அவரு இல்ல" என்றார் மேடம் தாழ்ந்த குரலில். "தன் கொரலையே மெஷினுக்குப் பழக்கி வெச்சிருக்காரு. மழை கேளு, பேச்சா மாத்து, ஃபோன் போட்டுச் சொல்லு, அவ்ளோதான் அதுக்கு வேலை. பர்ஸ்ல காசு இருக்கற வரைக்கும் சொல்லிக்கினே இருக்கும். ஆளு இருந்திருந்தா நாராயணசாமி பேர எப்பவோ எடுத்திருப்பாரு."

பிறகு தைலம்மாளிடம் திரும்பினார். "அவர கண்ணால கடைசியா எப்ப பாத்தீங்கம்மா?"

"ஆவணி மாசம். வூட்டுக்குப் போறேன்னு கெளம்புச்சே, அன்னிக்குத்தான். நல்ல மழை அன்னிக்கு. ஜீப்பும் வரல. அந்தாண்ட பக்கம் எறங்குனா ரோடு வரும், பஸ்ஸு புடிச்சிக்கறேன்னு ஒத்தையடிப் பாதையில கெளம்புச்சி. நான்தான் சண்டை போட்டேன். 'உன் ஃபோனே மழைன்னு சொல்லுதே, எங்களுக்கெல்லாம் சொல்லிட்டு நீ போவியா'ன்னு. கேக்கல."

"அப்படி என்ன அவசரம்?"

தைலம்மாள் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டிதான். 'மெஷின வுட்டுத் தெனம் காலையில ஃபோன் போட வெக்கறேங்க்கா, மரத்துல ஏறிப் பாத்தா தெனம் கட் பண்ணிட்டான்னு காட்டுது. ஒரு தபாகூட எடுக்கல. கோவம் இன்னும் தீரல. இனிமே மெஷினு சொல்லிப் புண்ணியமில்ல, நானே போறேன்'னு சொல்லுச்சி. சரி, புருஷம் பொண்டாட்டி சண்டை, நேர்ல போனா தீந்துடும்னு நானும் வுட்டுட்டேன். மறுநாள் காலையிலேருந்துதான் கூடையில பேசுச்சி, அதுக்கு மின்ன நேர்லதான் சொல்லும். நல்லபடியா வூடு போயி சேந்துடுச்சின்னு நிம்மதி. அங்க போயும் எங்கள மறக்கல பாருங்க." சட்டென்று நிறுத்தினார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா… தம்பி வூட்டுக்குப் போயி சேந்துச்சி இல்ல?"

மேடம் பொய் சொல்லாதவர். "இல்லம்மா" என்றார்.

மலையில் இருக்கிறார் என்று கீழே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கீழே வீட்டில் இருக்கிறார் என்று மேலே இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குரல் இரண்டு பக்கமும் மழை சொல்லிக்கொண்டிருந்தது. ஆளை யாருமே தேடவில்லை. அந்தப் பாறையில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. நான் இல்லாமல் போனால் என்னைத் தேட எத்தனை நாளாகும் என்று ஒரு நினைப்பு வந்தது. தைலம்மாள் அண்ணாந்து கூடையைப் பார்த்து, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் கணவர் ராமன் வந்து தோளைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

வெள்ளிமலை வந்ததும் சிக்னல் கிடைத்தது. டீக்கடை வாசலில் நின்று மேடம் ஃபோன் போட்டார். அந்த ஒத்தையடிப் பாதை ஒரு ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் வேறு மாவட்டத்தில் இறங்குகிறது. அங்கே இருக்கிற ஸ்டேஷனில் ஒரு ஏட்டு, பொறுமையான மனிதர், விசாரித்துச் சொன்னார். ஆவணி வெள்ளத்தில் ஓடையில் ஒரு உடல் ஒதுங்கியதாம். ஊர், பேர் தெரியவில்லை, தேடி யாரும் வரவில்லை, அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"அடையாளம் ஏதாவது இருந்துச்சுங்களா சார்?"

ஏட்டின் குரல் எனக்கும் கேட்டது. "கண்ணாடி ஒண்ணு கழுத்துல மாட்டியே இருந்துச்சும்மா. தண்ணியில போவாம ஒரு ரப்பர் பேண்டு புடிச்சிக்கினு இருந்துச்சி. லேடீஸ் தலைக்குப் போடுவாங்களே, அது. கத்திரிப்பூ கலரு."

மேடம் நன்றி சொல்லி வைத்தார். வாங்கிய டீயைக் குடிக்காமல் அப்படியே கடைப் பலகையில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். பாதி மலை இறங்கும்போது மழை பிடித்தது. சாயங்காலம் மழை என்று கூடைக்குரல் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் என் ஆட்டோவிலேயே எலவனாசூர்கோட்டை போனோம்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அவரு செத்துட்டாருன்னு சொல்லிடுவோம். வுட்டுட்டுப் போவலன்னும் சொல்லிடுவோம். அந்த நாலு எட்டு நம்பர மட்டும் சொல்லாம வுட்டுடலாமே. இவ கட் பண்ணதாலதான் அவரு மழையில கெளம்பினாருன்னு தெரிஞ்சா, ஜென்மத்துக்கும் தாங்குவாளா?"

"அவரு வுட்டுட்டுப் போவலன்னு நான் சொன்னா அவ நம்பணுமே வெற்றி. ராஜதுரை நம்பணுமே. அதுக்கு இருக்கற ஒரே சாட்சி அந்தக் கொரலுதான். அவ கேட்டுத்தான் ஆவணும்."

"கேட்டா மத்ததையும் கேப்பா."

மேடம் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மலர்விழி தலைக்குக் குளித்து, மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தாள். கொடியில் ஆண் சட்டைகள். கூடத்தில் ராஜதுரை அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார், ஊருக்குத் தீர்ப்பு சொல்ல வந்தவர் மாதிரி.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. ஓடை, ஏட்டு, கண்ணாடி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் சொன்னார். மலர்விழி சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். ராஜதுரைதான் முதலில் பேசினார். "ரப்பர் பேண்டு ஊர்ல யார்கிட்டதான் இல்ல? செலவு ஆவுதே, அது எப்படி?"

அப்போது ஃபோன் அடித்தது. அவள் மடியில், திரை பளிச்சென்று. நாலு எட்டு.

அந்த நிலையிலும் அவள் விரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. மேடம் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "எடும்மா" என்றார்.

அவள் எடுத்தாள். மேடமே ஸ்பீக்கரைப் போட்டார்.

"மலரு, நான்தான். இங்க சிக்னலே இல்லம்மா, அதான் இப்படிப் பேசறேன். இன்னிக்கு நம்மூர்ல மழை வருது. மாடியில துணி காஞ்சா எடுத்துடு. சாப்புடு. கோவப்படாத, சீக்கிரம் வந்துடறேன்."

"எங்க இருக்கீங்க?" என்றாள் அவள். "ஏங்க… எங்க இருக்கீங்க?"

அழைப்பு முடிந்திருந்தது. ராஜதுரை கைகளை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தம்பியின் குரலைக் கேட்ட மனிதர், அதற்கு மேல் அவரை நான் திட்டவில்லை.

மேடம் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மெஷின் எப்படிப் பேசுகிறது என்று சொன்னார். உயிரோடு இருந்தபோது அவர் சொல்லி வைத்தது, இப்போதும் நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கிறது என்றார். மலர்விழி எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப தெனம் காலையில… இவருதானா?"

"ஆமா."

"மலைக்குப் போன நாள்லேருந்தா?"

"ஆமா."

அவள் மேடத்தின் கண்ணை நேராகப் பார்த்தாள். "நான் கட் பண்ணது அவருக்குத் தெரியுமா மேடம்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மேடம் பொய் சொல்லாதவர். அதற்காக ஒரு தெருவையே இழந்தவர்.

"தெரியாது" என்றார் எழில்மதி மேடம். "எடுத்தாங்களா இல்லியான்னெல்லாம் மெஷின் திரும்பச் சொல்லாது. நீ தெனம் கேக்கறன்னுதான் நெனச்சிக்கினு இருந்தாரு. உன்னப் பாக்கணும்னு சந்தோஷமாத்தான் கெளம்பியிருக்காரு."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நானே நம்பியிருப்பேன்.

மலர்விழி அப்போதுதான் அழுதாள். வெகுநேரம் அழுதாள். மேடத்தின் தோளில் சாய்ந்துகொண்டு, சத்தமாக, அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவரும்வரை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போனாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஈரம் போகாத சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது நான்தான் பேச்செடுத்தேன்.

"பர்ஸு காலியானா அந்தக் கொரலு நின்னுடும் இல்ல மேடம்?"

"ம்."

"நம்ம கடைய மூடிடலாமா?"

"வேணாம். வேற கடையில வெலை ஜாஸ்தி. இங்க வாங்கினா இன்னும் கொஞ்ச நாள் வரும்."

மனசு கேட்கவில்லை. "நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல மேடம்."

"இப்பவும் பாக்கல" என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முதல் தூறல் விழுந்தது. நான் ஆட்டோவை ஓரம் கட்டி, அவர் பக்கத்துத் திரையை இறக்கிக் கட்டினேன்.